சர்வேக்குப் போகப்போகும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

வளர்ச்சித் தொடர்பியல் (மக்கள் முன்னேற்றத்துக்காகத் தகவலைக் கொண்டுசேர்க்கும் படிப்பு) படித்துவிட்டுக் கருத்துக்கணிப்பு வேலைக்குப் போவேன் என்று நீ சொன்னதும், "வீடு வீடா கதவு தட்டற வேலையா?" என்று அண்ணன் கேட்டாராம். சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நான் இத்தனை வருஷம் பார்த்தது அந்த வேலைதான்.

உன் பாடத்தில் நோரா கெப்ரால் வருவார். 1971-இல் வளர்ச்சித் தொடர்பியல் என்று இந்தத் துறைக்குப் பெயர் வைத்த பிலிப்பைன்ஸ் பேராசிரியை. நான் அவரைப் படித்தது பிற்பாடுதான். எனக்குப் பாடம் எடுத்தது காசிமேடு.

அங்கே ஒரு சர்வேக்குப் போனபோது, "குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?" என்று கேள்வித்தாளில் இருந்தது. வரிசையாக எல்லா வீட்டிலும் "ஆமா". வெயிலில் நின்ற எனக்கு ஓர் அம்மா குடத்திலிருந்து அப்படியே மொண்டு கொடுத்தார். "தண்ணியைக் காய்ச்சலையா?" என்றேன். "நர்ஸம்மா கேட்டா வேற என்னம்மா சொல்றது?" என்று சிரித்தார். என் தோள்பையைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்துவிட்டார்! அடுத்த வீட்டிலிருந்து கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "நேத்து குடிச்ச தண்ணி எங்கே பிடிச்சீங்க, குடிக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" ஆமாக்கள் மளமளவென்று குறைந்தன. காய்ச்ச வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், அடுப்புக் கேஸ் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. ஆனால் எங்களை அனுப்பியவர்கள் "காய்ச்சிக் குடிப்பீர்" என்று போஸ்டர் அடித்து முடித்திருந்தார்கள். தெருவெல்லாம் ஒட்டினார்கள்.

இன்னொன்று, யார் வீட்டுக் கதவு திறக்கிறது என்பது. 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடி சீட்டு அனுப்பி, திரும்பி வந்த 23 லட்சத்தை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள்; அந்தக் காலத்தில் அவை பெரும்பாலும் வசதியானவர்களிடம்தான் இருந்தன. பதில் போட்டதும் அதில் ஒரு சாரார் மட்டும்தான். வெறும் ஐம்பதாயிரம் பேரை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். அங்கே விடுபட்டது ஏழைகள். நம் ஊரில் தலைகீழ். குடிசைப் பகுதியில் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். அபார்ட்மென்டில் வாட்ச்மேனையே தாண்ட முடியாது. சாயங்காலம் கணக்கு முடிய வேண்டுமே என்று சர்வே எடுக்கும் பசங்கள் இரண்டு தெரு தள்ளிப்போய் ஓடு வேய்ந்த வீடுகளில் எண்ணிக்கையை நிரப்புவார்கள். அப்புறம் 'சென்னை மக்கள் கருத்து' என்று அதுதான் வெளியாகும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரில் ஒரு சர்வே இருக்கிறது. பேட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டிலோடு வா. முதலில் உங்கள் பிளாட்டிலேயே பெல் அடிப்போம். சர்வேக்காரர் யாருக்கும் உன் அப்பா இதுவரை கதவு திறந்ததில்லை.

அன்புடன்,
அத்தை