அந்த நோட்டீஸை அவர்முன் விரித்து வை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்னோடு இருப்பதாக.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்று நீ போனில் சொன்னாலும் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. தொழில் நின்றுபோனது, கடன், இதெல்லாம் ஒரு பக்கம். கூடவே இருந்த சிநேகிதி பாதியில் கைவிட்டுப் போனதுதான் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பேச ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

"கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்ற வசனம் சின்ன வயதிலேயே உனக்கு மனப்பாடம். ஆனால் அந்த 55-ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து நிதானமாக வாசித்துப் பார். அதைப் பாடிய தாவீதை நிந்தித்தவன் சத்துரு இல்லை. கூடி ஆலோசித்து, ஒன்றாகத் தேவனுடைய வீட்டுக்குப் போன தோழன். புறாவைப்போல் சிறகுகள் இருந்தால் பறந்துபோய் இளைப்பாறுவேனே என்று தாவீது புலம்புகிறார். தனக்கு விரோதமாய் எழும்பினவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்றுகூடச் சொல்லிவிடுகிறார். இவ்வளவும் கொட்டித் தீர்த்த பிறகுதான் 22-ஆம் வசனம் வருகிறது. நாம் அதை மட்டும் கிள்ளி எடுத்து, கஷ்டத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

நீ முதலில் கொட்டிவிடு. அவள்மேல் இருக்கிற கோபத்தையும் ஆண்டவரிடமே சொல்லு. அழகான ஜெபமாக இருக்கவேண்டும் என்பதில்லை. இன்றைக்கே அவளை மன்னித்துவிடு என்று உன்னை அவசரப்படுத்தமாட்டேன். மன்னிக்கத்தான் வேண்டும்; அதற்கான பெலனையும் அவரிடம்தான் கேட்கவேண்டும்.

அப்புறம், யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவை நினைத்துக்கொள். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் பட்டணங்களைப் பிடித்துவிட்டு, எருசலேமையும் விடமாட்டேன் என்று மிரட்டிக் கடிதம் அனுப்புகிறான். எசேக்கியா அதை வாங்கி வாசித்துவிட்டு, நேரே ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறார். உமது கண்களைத் திறந்து பாரும் என்று ஜெபிக்கிறார். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. பொத்தாம்பொதுவாக "என் கவலைகளை எடுத்துப்போடும்" என்று சொல்லாமல், பயமுறுத்திய அந்தக் காகிதத்தையே தேவனிடம் காட்டுகிறார்.

எசேக்கியா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் இல்லை. மதிலைப் பழுதுபார்த்தார், தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினார். பாறையைக் குடைந்த அந்தச் சுரங்கம் ஏறத்தாழ 533 மீட்டர் நீளம். எருசலேமில் இன்றைக்கும் அதற்குள் நடந்து போகலாம். தன்னால் ஆனதையெல்லாம் செய்த மனுஷன்தான் அந்தக் கடிதத்தை விரித்து வைத்தார்.

நீயும் வங்கியிலிருந்து வந்த நோட்டீஸை அலமாரிக்குள் தள்ளி வைக்காதே. எடுத்துக் கர்த்தர்முன் விரித்து வை. எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் என்று வாய்விட்டுச் சொல்லு. மறுநாள் வங்கிக்குப் போய், தவணையைக் குறைக்க முடியுமா என்று கேள். அது உன் வேலை. அவர்கள் என்ன சொல்வார்களோ, ஊர் என்ன நினைக்குமோ, ஐந்து வருஷம் கழித்து எப்படி இருப்பேனோ, இதெல்லாம் உன் கையில் இல்லை. அதைத்தான் அவர்மேல் வைத்துவிடச் சொல்கிறேன். காலையில் எழும்போது அது திரும்பவும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும். விசுவாசம் குறைந்துபோயிற்று என்று பயப்படாதே, மறுபடியும் கொண்டுபோய் வை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பிள்ளையில்லாத அன்னாள் ஒரு பிள்ளைக்காக மனங்கசந்து அழுது ஜெபித்த பிறகு போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் பிறப்பதற்கு முன்னாலேயே!

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். கடன் கணக்கு முழுவதையும் ஒன்றுவிடாமல் எழுதி அப்பாவுக்கு அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். திட்டமாட்டார், நான் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா