சிரிக்காமல் எடுத்த பேய்ப்படங்கள்

ஆசிரியருக்கு,

சாத்தானை வழிபடும் ரகசியக் கும்பல்களைப் பற்றிய மலிவான திகில் படங்களை ‘நேர விரயம்’ என்று ஒதுக்கிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். அவை மோசமான படங்கள் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எடுத்தவர்கள் துளியும் சிரிக்காமல் எடுத்திருக்கிறார்களே, ஈர்ப்பு அதில்தான் இருக்கிறது. டெக்சாஸின் எல் பாசோவில் உர விற்பனையாளர் ஒருவர் எடுத்து 1966-இல் வெளியிட்ட ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ படத்தையே பாருங்கள். சாவி கொடுத்து இயக்கிய கேமரா ஒரு தடவைக்கு 32 விநாடிகளே ஓடும். ஒலி முழுவதும் பின்னர் சேர்க்கப்பட்டது. இரவுக் காட்சிகளில் விளக்கைத் தேடி வந்த விட்டில்கள் நடிகர்களின் முகத்தை மறைக்கின்றன. நண்பர்களோடு பார்த்தபோது, கும்பல் தலைவன் கறுப்பு அங்கியை விரித்து அதிலுள்ள சிவப்பு விரல்களைக் காட்டும் இடத்தில் சிரிப்பால் அறையே அதிர்ந்தது. வேண்டுமென்றே அசட்டுத்தனமாக எடுத்த அண்மைக்காலப் படம் ஒன்றுக்கோ, பாதியிலேயே எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள்.

இத்தகைய படங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதை விட்டு, அவை எடுக்கப்பட்ட கதையைச் சொல்லும் சிறு பகுதி ஒன்றைத் தங்கள் இணைப்பில் தொடங்கலாம். முதல் வாரத்துக்கு 1975-இல் வந்த ‘தி டெவில்ஸ் ரெயின்’ பொருத்தமாக இருக்கும்: அதற்குத் தொழில்நுட்ப ஆலோசகர், சாத்தான் திருச்சபையை நிறுவிய ஆன்டன் லாவேயேதான்!

– ஒரு வாசகர்