உள்ளே வைத்த ஸ்டென்ட்டை எடுக்கவைப்பது யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர்க்குழாயில் அடைப்போ சுருக்கமோ உள்ள பெரியவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வெளியேறும் வழியாகவே எண்டோஸ்கோப்பைச் செலுத்திச் செய்யும் சிகிச்சை இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. சிறுநீரகவியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் அதன் பயனை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால், அந்தச் சிகிச்சையின் கடைசிப் பகுதி, அதாவது உள்ளே தற்காலிகமாக வைத்த ஸ்டென்ட் என்னும் குழாயைத் திரும்ப எடுப்பது, கவனிப்பாரற்றுப் போவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் இந்தக் குழாய் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளமும் சில மி.மீ. விட்டமும் கொண்டது. பிறவியிலேயே அதன் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் உப்பியிருக்கும் யூரிட்டரோசீல் என்ற குறை, சிலருக்கு நடுத்தர வயதில் கல் சேர்ந்து வலி கண்ட பிறகே ஸ்கேனில் தெரியவரும். உப்பலின் அடிப்பகுதியில் சிறு கீறலிட்டு, கல்லையும் அப்போதே எடுத்துவிட முடியும். காசநோயாலோ, கல் அழுந்தி நின்றதாலோ, முந்தைய அறுவை சிகிச்சையாலோ குழாய் சுருங்கியிருந்தால், அந்தச் சுருக்கம் 2 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்பட்சத்தில், லேசரால் கீறியோ பலூனால் விரித்தோ பார்க்கலாம். நீண்ட சுருக்கத்துக்கும் கதிர்வீச்சால் வந்த சுருக்கத்துக்கும் இம்முறை அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவரை நோயாளிகள் நம்பலாம்.

கீறிய இடம் மீண்டும் சுருங்காமல் ஆறுவதற்காக, இரு முனையும் சுருண்ட டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைச் சில வாரங்களுக்கு உள்ளே வைக்கிறார்கள். குறித்த காலத்தில் வந்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் எடுத்துவிடக்கூடியது அது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாக இறுகும்; பிறகு அதை எடுக்கவே ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் தேவைப்படலாம், சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும். ஸ்டென்ட்டால் அடிக்கடி சிறுநீர் வருவதையும் அதில் ரத்தம் கலப்பதையும் உடம்புச் சூடு என்று எண்ணி, இளநீர் குடித்துக்கொண்டு நாளைத் தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. வலி நின்றுவிட்டது; கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியோ ஆங்கிலத்தில் இருக்கிறது; மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலியும் போகும்.

ஆகவே, ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதற்கென ஒரு பதிவேடு வைத்து, வைத்த நாளையும் எடுக்க வேண்டிய நாளையும் அதில் எழுத வேண்டும். அதே தேதியைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, நோயாளியுடன் வீட்டில் இருப்பவர் ஒருவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டும். எடுப்பதற்கான செலவு முதல் சிகிச்சைக் கட்டணத்தில் அடங்குமா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவரானால் அவர் கையிலிருந்து ஏதும் கொடுக்க வேண்டியிருக்குமா என்பதையும் அனுமதிக்கும்போதே தெரிவிப்பது நல்லது. நாள் கடந்தும் வராதவர்களின் பட்டியலை, 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்களிடம் கொடுக்கலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அத்திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால், இது அவர்களுக்குப் புதிய சுமையாக இராது.

ஸ்டென்ட்டை எடுத்த பிறகும் ஒரு ஸ்கேன் அவசியம். சுருக்கம் திரும்பி வந்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து வரவேண்டிய நாளையும் அந்த அட்டையிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.