பெட்டியை உடைக்கும் முன் கோடு போடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து டைல்ஸ் மேஸ்திரிகளுக்கும், வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

மஞ்சக்குப்பமோ லாஸ்பேட்டையோ, சமையலறைத் தரைக்கும் இப்போது நாலடிக்கு ரெண்டடி டைல்ஸ் கேட்கிறார்கள். ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் பதித்தபோது கைக்கணக்கு போதுமாக இருந்தது. 1200க்கு 600 மி.மீ. டைல்ஸில் அறைக்கு மூன்று நான்கு ஜாயிண்ட்தான் (இரு டைல்ஸுக்கு இடையிலான இடைவெளி) வரும். ஒன்று பிசகினாலும் வாசலில் நிற்கும்போதே கண்ணில் படும். அதனால் பசை கரைக்கும் முன் அளவெடுத்து, தாளில் வரைந்து, வீட்டுக்காரரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அரை நாள் பிடிக்கும். அதற்குத் தனிக்கூலி கேட்பதும் நியாயமே.

பத்தடிக்கு எட்டடி சமையலறை, பத்தடிச் சுவரை ஒட்டி இரண்டடி அகலச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டடிப் பக்கம் 2,440 மி.மீ. இரு சுவரோரமும் 6 மி.மீ. விட்டால் 2,428. மேடைச் சுவரிலிருந்து முழு டைல்ஸாகத் தொடங்கினால், 600 அகலத்தில் நான்கு வரிசையும் 3 மி.மீ. ஜாயிண்ட்டுகளும் சேர்ந்து 2,412 ஆகும். எதிர்ச்சுவரில் மிஞ்சுவது 16 மி.மீ. பட்டை. வெட்டும்போதே பாதி உடையும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை கொஞ்சம் மறைத்தாலும், சுவர் கோணலாக இருந்தால் ஒரு முனையில் நூலாகவும் மறுமுனையில் விரல் அகலமாகவும் தெரியும்.

இதற்கு வழி ஒரு முழு வரிசையைக் கழிப்பதுதான். நடுவில் மூன்று வரிசை, நான்கு ஜாயிண்ட், மொத்தம் 1,812. மீதி 616ஐ இரு பக்கமும் 308, 308 என்று பிரியுங்கள். இரு ஓரத்திலும் பாதிக்கு மேற்பட்ட துண்டு கிடைக்கும். மேடை விளிம்பும் ஜாயிண்ட்டில் விழாது. மேடைக்கு வெளியே தெரியும் முதல் ஜாயிண்ட் அந்த விளிம்புக்கு ஓரடிக்கு மேல் தள்ளி வரும். வெட்டு அதிகம், டைல்ஸ் கொஞ்சம் கூடுதலாகப் போகும், உண்மைதான். பத்து சதவீதம் கூட்டி வாங்கச் சொல்லுங்கள். பெட்டிகளில் ஒரே பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண், ஒரே ஷேடு (நிறச்சாயல்) இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள்.

சுவரை நம்பி நூல் பிடிக்காதீர்கள். முத்தியால்பேட்டை மாதிரிப் பழைய தெருக்களில் மட்டுமல்ல, புதுக் கட்டடத்திலும் மூலை சரியாக இருக்காது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 6 அடி, மறு சுவரில் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மேடை விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, கோணலை மேடைக்கு அடியில் தள்ளுங்கள். ஹாலிலும் இதே டைல்ஸ் என்றால் கதவு நிலையில் இரண்டு ஜாயிண்ட்டும் ஒரே கோட்டில் சேர வேண்டும்.

செங்கல் வரிசை போலப் பாதிக்குப் பாதி மாற்றிப் பதிப்பதை விட்டுவிடுங்கள். நீள டைல்ஸ் நடுவில் சற்றே மேடு தட்டியிருக்கும். அந்த மேட்டின் பக்கத்தில் அடுத்த டைல்ஸின் தாழ்ந்த முனை வந்தால் விளிம்பு காலில் இடறும். மாற்றித்தான் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள். தரையின் மேடுபள்ளமும் பத்தடிக்கு 3 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகள் நம் பக்கம் நிறைய. நடுவில் தண்ணீர் இறங்கும் ஜாலி (ஓட்டை மூடி) வைத்து நாலாபக்கச் சரிவு கொடுத்தால் பெரிய டைல்ஸ் மடங்காது. குறுக்காக வெட்ட வேண்டிவரும். கொல்லைக் கதவுப் பக்கம் ஒரே சரிவு, அங்கே நீள ஜாலி என்று வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

விட்ரிஃபைடு (கண்ணாடி போல இறுகச் சுட்ட) டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமென்ட் பால் அதைப் பிடிக்காது. பாலிமர் பசையைப் பல் கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூசுங்கள். நாலு மூலைக்கு மட்டும் பசையைப் பொட்டாக வைத்தால், கேஸ் சிலிண்டரை நகர்த்தும் அன்று மூலை தெறிக்கும். முதல் டைல்ஸைப் பதித்தவுடன் ஒருமுறை தூக்கி, அதன் முதுகு முழுவதும் பசை பிடித்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் எதிரிலேயே காட்டுங்கள்.

இப்படிக்கு,
டைல்ஸ் வேலை மேற்பார்வையாளர்கள்,
கடலூர் – புதுச்சேரி