ஒத்தைச் சக்கர டிரெய்லர்: பெர்த்திலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்க ஆஸ்திரேலியாவுல நான் சுகம். நீங்க, அம்மா, தம்பி எல்லாரும் நல்லா இருக்கீங்களா?

சைக்கிளுக்குப் பின்னாடி டிரெய்லர்ல சாமானை இழுத்துக்கிட்டுப் போன காட்டுப் பயணம் முடிஞ்சு வந்து போன் பண்ணப்போ அம்மா, "ரெண்டு பொம்பளப் புள்ளைக காட்டுக்குள்ள எதுக்குடி போனீங்க"ன்னு சத்தம் போட்டாங்க. பின்னாடி நீங்க, "டிரெய்லரை எதுல மாட்டுனான்னு கேளு"ன்னு சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. அதைப் போன்ல சொன்னா விளங்காதுப்பா. அதான் எழுதுறேன்.

பாதைக்குப் பேரு முண்டா பிடி. பெர்த்துக்குக் கிழக்க மலைமேல முண்டாரிங்னு ஒரு ஊர். அங்க ஆரம்பிச்சு தெற்குக் கடற்கரையில இருக்கிற ஆல்பனி வரைக்கும் சுமார் 1,000 கி.மீ. சைக்கிளுக்குன்னே போட்ட வழி, பெரும்பாலும் காட்டுக்குள்ளயே போகும். ஊர் இல்லாத இடங்கள்ல கூரை போட்ட குடில், படுக்கப் பலகை, மழைத்தண்ணி டேங்க், கக்கூஸ் எல்லாம் கட்டி விட்டிருக்காங்க. தங்கக் காசு கிடையாது. கூட வேலை பார்க்கிற சேச்சியும் நானும் லீவைச் சேர்த்து வெச்சு எடுத்துக்கிட்டுப் போனோம். இந்த ஊருக்கு வந்ததுலருந்து ஆஸ்பத்திரி, வீடு, திரும்ப ஆஸ்பத்திரின்னே இருந்தேன். இந்த நாட்டு மண்ணை இப்பத்தான் கண்ணால பார்த்தேன்.

இப்ப டிரெய்லருக்கு வர்றேன். அதுக்கு ஒரே சக்கரம்தான், 16 இஞ்ச். முன்பக்கம் கவட்டை மாதிரி ரெண்டு கை வந்து, சைக்கிளோட பின்சக்கர ஆக்ஸிலோட ரெண்டு முனையிலயும் மாட்டிக்கும். அதுக்குன்னு நீளமான ஆக்ஸில் தனியா வருது. கைக்குப் பின்னாடி ஒரு கீல் இருக்கு, சைக்கிள் திரும்பினா அதுவும் திரும்பும். சைக்கிள் சாஞ்சா கூடவே சாயும். ரெண்டு சக்கர டிரெய்லர்னா ஒத்தையடிப் பாதையில ஒரு சக்கரம் வேருமேல ஏறினதும் கவுந்துடும். இது பின்சக்கரத் தடத்துலயே வரும். 30 கிலோ வரைக்கும் தாங்கும்னு வாங்கினது. கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணி எல்லாம் அதுலதான். பாரம் தரையை ஒட்டி இருக்கிறதால கேரியர்ல மூட்டை கட்டினப்போ வர்ற ஆட்டம் இதுல இல்ல. ஆனா இறக்கத்துல பின்னாடியிருந்து தள்ளும். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு மெதுவா விடணும். வேகத்துல ஹாண்டிலை ஒடிச்சுத் திருப்பினா டிரெய்லர் மடங்கி நம்மளைக் கீழ சாய்ச்சிரும்.

இந்தக் காட்டுத் தரையில செம்மண்ணுக்கு மேல உருண்டை உருண்டையா சின்னச் சரளை கிடக்கு, அப்பா. நம்ம சைக்கிள் கடைத் தரையில பேரிங் பால்ஸ் டப்பாவைக் கொட்டி அதுமேல சைக்கிள் விட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான். அகல டயர் போட்டு, காத்தைக் குறைச்சு, பெடலை விடாம மிதிச்சாத்தான் நேரா போகும்.

காலிங்கிற ஊரைத் தாண்டி, மேடும் பள்ளமுமா அலை விழுந்த ஒரு ரோட்டுல டிரெய்லர் சக்கரம் கோட்டம் ஆயிடுச்சு. சின்னச் சக்கரம், ஒவ்வொரு குழியிலயும் அடி வாங்கும். போன் சிக்னல் கிடையாது. சேச்சி, அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழியா ஆளைக் கூப்பிடுற கருவியைக் கையில எடுத்துட்டாங்க. "இதுக்குப் போயா"ன்னு சொல்லிட்டு வண்டியைக் கவுத்துப் போட்டேன். சாக்பீஸ் இல்ல. அடுப்புக் கரியை ரிம்முக்குப் பக்கத்துல பிடிச்சுச் சக்கரத்தைச் சுத்தினேன். எந்த இடத்துல உரசிக் கறுப்பு விழுந்துச்சோ, அங்க எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருப்பு இறுக்கி, இந்தப் பக்கத்தைக் கால் திருப்பு விட்டேன். ஒரே இடத்துல வெறி பிடிச்சு இறுக்காதேன்னு நீங்க மண்டையில கொட்டுவீங்களே, அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. ஆல்பனி வரைக்கும் அந்தச் சக்கரம் உரசவே இல்ல.

முண்டாரிங்ல ஒரு அணை இருக்கு. அங்கருந்து 500 கி.மீ.க்கு அந்தாண்ட இருக்கிற தங்கச் சுரங்க ஊருக்குக் குழாய்ல தண்ணி ஏத்துறாங்க. 1903-ல திறந்தது. திட்டம் போட்ட ஓ'கானர், தண்ணி போய்ச் சேர்றதைப் பார்க்காமலே அதுக்கு முந்தின வருஷம் செத்துட்டார். 1895-ல பெரியாறு அணை கட்டி மேற்க போற தண்ணியை மலையைக் குடைஞ்சு நம்ம வைகைக்குத் திருப்புன பென்னிகுக்கை நினைச்சுக்கிட்டேன். தேனிப் பக்கம் அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்களே, அந்த மரியாதை ஓ'கானருக்கும் தகும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இந்தக் காட்டு மரங்களை வேரோட அழுக வைக்கிற ஒரு கிருமி இருக்கு. சக்கரத்துல ஒட்டுற ஈரமண்ணு வழியா பரவுமாம். அதனால டயரு, செருப்பு எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் அடுத்த காட்டுக்குள்ள போகணும். நிமிர்ந்து பார்த்தா கழுத்து வலிக்கிற கர்ரி மரங்களுக்குக் கீழ நின்னப்போ, இன்னும் நல்லாத் தேய்ச்சிருக்கலாம்னு தோணுச்சு.

தை மாசம் லீவுல வர்றேன். வைகையை எதுத்துக்கிட்டே சோழவந்தான், வைகை அணை, கடமலைக்குண்டு, வருசநாடு வரைக்கும் உங்களோட சைக்கிள்ல போகணும். அதுக்கு மேல காடு, வனத்துறை அனுமதி இல்லாம வேண்டாம். டிரெய்லரைப் பிளைட்ல கொண்டு வந்தா செலவு அதிகம். அங்கேயே செஞ்சுக்கலாம். அளவெடுத்த படத்தை இதோட வெச்சிருக்கேன். சின்னப் பிள்ளைக சைக்கிள் சக்கரம் ஒண்ணு பழசா கிடைச்சாப் போதும். கீல் மட்டும் ஆடாம இருக்கணும், நல்லா வெல்டிங் வைக்கிற ஆளாப் பாருங்க. நீள ஆக்ஸிலை நான் இங்கருந்து வாங்கிட்டு வரவா, இல்ல அங்க கடைசல் பட்டறையில போட்டுருவீங்களா? பார்த்துச் சொல்லுங்க. அம்மாவை நான் சமாளிச்சுக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்