மேல் ஹோஸும் இரண்டு கிளிப்பும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். நம் லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பையன் ஒருவன் ரயிலில் நீ இருக்கிற பண்டாரவளைக்கு வேலைக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே உன் காருக்கு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஒன்று, அதாவது இன்ஜினின் சுடுதண்ணீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதை இறுக்கப் புதுக் கிளிப் இரண்டு, ஒரு துண்டு சாண்ட் பேப்பர். ஹட்டனில் மூன்று கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. முதல் கடையில் எடுத்துக் கொடுத்தது வளைவு ஒத்து வரவில்லை. வளைவு மாறினால் ஹோஸ் மடிந்து தண்ணீர் ஓட்டம் அடைபடும், அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

காருக்குக் கீழே பச்சைத் தண்ணீர், பொனட்டைத் திறந்தால் இனிப்பாக ஒரு வாசம், மேல் ஹோஸின் கிளிப்புக்குப் பக்கத்தில் ஈரம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த ஹோஸ் நான் போட்டது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. காரை உன்னிடம் கொடுத்தபோது டயரைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், இதை மாற்றாமல் விட்டுவிட்டேன். ரப்பர் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்பக்கமிருந்துதான் வெடித்துக்கொண்டு வரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்புக்கு இரண்டு அங்குலம் தள்ளி விரலால் அழுத்திப் பார். நடுப்பகுதி திடமாக இருந்து, நுனிப் பக்கம் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கினால் அதன் காலம் முடிந்தது.

தீபாவளிக்கு வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய்வரலாம் என்று அங்கே கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் சொன்னாராம். அது மட்டும் வேண்டாம் மகள். காரணத்தைச் சொல்கிறேன், கேள். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று அடித்திருக்கும், அது மூடி தாங்கும் அழுத்தம், பார் கணக்கில். அந்த அழுத்தம் உள்ளே நிற்கிற வரைக்கும் கூலன்ட் (அந்தப் பச்சை மருந்து) கலந்த தண்ணீர் 115 பாகையிலும் கொதிக்காது. ஹோஸ் ஒழுகினால் அழுத்தம் நிற்காது. நீ வரும் வழியில் நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 85, 90 பாகையில்தான் எந்நேரமும் ஓடுகிறது. வெலிமடை தாண்டி ஹக்கலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போது மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

நீ பிறப்பதற்கு முன்னே எனக்கு நடந்தது இது. தோட்டத்து லொறியில் லயத்து ஆட்களுக்கு அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஃபேக்டரி வரைக்கும் போய்விடலாம் என்று நினைத்து ஓட்டினேன். ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு போய்விட்டது. அரிசி மூன்று நாள் பிந்தித்தான் தோட்டத்துக்கு வந்தது. அந்த மூன்று நாளும் லயத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முள் ஏறத் தொடங்கியதும் ஓரம் கட்டியிருந்தால் ஒரு ஹோஸ் செலவோடு போயிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். நீயே செய்யலாம், ஒரு மணி நேரம் போதும். காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது தொடங்கு. சூடாக இருக்கையில் மூடியில் கை வைக்கவே கூடாது. மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, மட்டம் மேல் ஹோஸுக்குக் கீழே இறங்கும் வரை சுத்தமான பேசினில் பிடித்து, திருகை மறுபடி முறுக்கிவிடு. இரண்டு லீட்டர் அளவு வரும். அதைத் தரையில் ஊற்றாதே, பேசினைத் திறந்தபடி விட்டும் போகாதே. இனிப்பாக இருப்பதால் வீட்டுக்காரரின் நாய் நக்கிவிடும். அது கொடிய விஷம்.

பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதே. ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய பித்தளை, ஈயம் வைத்து ஒட்டியது, கழன்று வந்துவிடும். கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடு. பிறகு கழுத்தை நன்றாகப் பார். பச்சையாகவும் வெள்ளையாகவும் காறை பிடித்திருக்கும். சாண்ட் பேப்பரால் பளபளவென்று வரும் வரை தேய். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புது ஹோஸும் ஒழுகும். கழுத்தின் நுனியில் விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு மேடு உண்டு. கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. கிளிப்பை முதலில் ஹோஸில் கோர்த்துவிட்டு, உள்பக்கம் கொஞ்சம் கூலன்ட் தடவிச் செருகு. எண்ணெய் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். முறுக்கும்போது ரப்பர் கிளிப்பின் இடுக்கில் பிதுங்கினால் அதிகம், அரைச் சுற்றுத் தளர்த்து.

அப்புறம் பிடித்து வைத்ததையே ஊற்றி, குறைவதற்கு அதே பச்சைக் கூலன்டை வாங்கி நிரப்பு. மூடியைத் திறந்து வைத்தபடி ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு இன்ஜினை ஓட விடு. கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கிற வால்வு) திறந்து மேல் ஹோஸ் திடீரென்று சுடும். காற்றுக் குமிழ் வரும், மட்டம் இறங்கும். மட்டம் நிற்கும் வரை ஊற்றி மூடு. ஒரு தடவை டவுனுக்குப் போய்வந்து, ஆறிய பிறகு கிளிப்பை மறுபடி முறுக்கிப் பார்.

ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். ரேடியேட்டரில் ஊசித் துளை என்றால் அது கொஞ்ச நேரம் தாங்கும், நம் டிரைவர்மார் செய்ததுதான். கிழிந்த ஹோஸை அது அடைக்காது.

இவ்வளவு செய்தும் ஏற்றத்தில் முள் உயர்ந்தால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்து. முக்கால் மணி நேரம் ஆனாலும் பொறு. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் பக்கத்திலேயே கொட்டினாலும் சுடுகிற இன்ஜினில் ஊற்றாதே, ஹெட்டில் வெடிப்பு விழும். இருட்டினால் எனக்குப் போன் பண்ணு. எந்த நேரம் என்றாலும் ஆள் பிடித்துக்கொண்டு வருவேன்.

அம்மா முறுக்குக்கு மா இடித்து வைத்துவிட்டாள். பழைய ஹோஸை எறிந்துவிடாதே, ஒரு பையில் போட்டுக் கொண்டு வா. எந்த இடத்தில் விட்டது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா