கரையும் பிளேட் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

முறிந்த தாடை எலும்பைப் பிணைத்து, பின் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் பிளேட்டைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பிரதிநிதிகள் தரும் வழவழப்பான கையேடுகளில் ‘டைட்டானியத்துக்கு நிகரான வலிமை’, அதாவது வழக்கமான உலோகப் பிளேட்டுக்குச் சமம், என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எத்தனையாவது வாரத்தில், எவ்வளவு தடிமனில், தாடையின் எந்த இடத்தில் நிகர் என்பதைத்தான் காணோம்.

டைட்டானியத்தின் மீள்மைக் குணகம், அதாவது வளையாமல் நிற்கும் விறைப்பு, சுமார் 100 முதல் 110 ஜிகாபாஸ்கல். தாடையின் கெட்டி எலும்புக்கு 10 முதல் 20. கரையும் பிளேட் செய்யும் வழக்கமான பாலிலாக்டைடுக்கு ஒற்றை இலக்கம்தான். இதை ஈடுகட்டவே பிளேட்டைத் தடிமனாக்குகிறீர்கள், 2.0 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பதில் 2.5 தருகிறீர்கள். அதில் குறையில்லை. ஆனால் கீழ்த்தாடைக் கோணத்தில் (காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலை), ஞானப்பல் பக்கம் சதை மெல்லியதாக இருக்கும் இடத்தில், அந்தத் தடிமன் நோயாளியின் நாக்குக்குத் தட்டுப்படும்.

கோணம் உடைந்தவர் முன்பல்லால் ஒரு பிஸ்கட்டைக் கடித்தாலும் முறிவின் மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும், கீழ்விளிம்பு நெருங்கும். மேலே ஒரே ஒரு மினிபிளேட் (சிறிய, மெல்லிய பிளேட்) வைத்தால் அந்த இழுவையைத் தாங்கிவிடலாம் என்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஷாம்பி என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் 1970களிலேயே காட்டினார்கள். அப்படி ஒற்றை ஆளாக நிற்கும் பிளேட் வளைந்துகொடுத்தால், பல்லில் கம்பி கட்டி வாயைப் பூட்ட வேண்டியதுதான். வாயைப் பூட்டக் கூடாது என்றுதானே பிளேட்டே வைக்கிறோம்?

ஆபரேஷன் தியேட்டரில் படும் பாடு வேறு. பிளேட்டைச் சுடுநீர்த் தொட்டியில் இளக்கி, ஆறுவதற்குள் எலும்பின் வளைவுக்கு மடக்க வேண்டும். துளை போட்டபின் தனியாக மரை வெட்ட வேண்டும். கை சற்று அழுத்தினால் ஸ்க்ரூவின் தலை முறிந்து திருப்புளியோடு வந்துவிடும். நெதர்லாந்தில் 4 மருத்துவமனைகளில் 230 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கரையும் பிளேட்டுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அறுவையின் நடுவிலேயே டைட்டானியத்துக்கு மாறியிருக்கிறார்கள். உங்கள் கையேட்டில் இது ஏன் இல்லை?

நான் கரையும் பிளேட்டுக்கு எதிரி இல்லை. வளரும் குழந்தையின் தாடைக்கு அதையே விரும்புவேன். பிற்பாடு பிளேட்டை எடுக்க இன்னொரு மயக்கமருந்து வேண்டாமே. (முளைக்காத பல்லின் மேல் ஸ்க்ரூ போடாமல் இருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு, அது எந்தப் பிளேட்டுக்கும் பொது.) பெரியவர்களின் கோண முறிவுக்கும் அதையே நீட்டும்போதுதான் கை தயங்குகிறது.

எலும்பு சேர 6 முதல் 8 வாரம் ஆகும். பிளேட் மறைவதற்கு வெகு முன்பே அதன் வலு குறையத் தொடங்கிவிடும். ஆகவே 37 டிகிரி உப்புக்கரைசலில் ஊறவைத்து, முதல் நாள், 4ஆம் வாரம், 8ஆம் வாரம் எவ்வளவு விசையில் வளைகிறது, எவ்வளவில் முறிகிறது என்பதை நியூட்டனில் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். பக்கத்தில் 1 மி.மீ. டைட்டானியம் மினிபிளேட்டின் எண்ணும் இருக்கட்டும். ‘நிகர்’ என்ற சொல்லை அதுவரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருவர்